கட்டணம் போக மீதி

1

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. என் தங்கச்சி புருஷன் ஓர் இணைய ஏலத் தளத்துக்குக் கட்ட வேண்டியிருந்த கமிஷன் அது. எதற்கு என்று கேட்டால், தன் பொருளைத் தானே ஏலத்தில் எடுத்ததற்கு.

இதை நான் முதலில் கதையாக எழுதவில்லை. சரக்குக் கிடங்கில் டீ நேரத்தில் சிரிப்புக்காகச் சொன்னேன். நான் பெட்டி தூக்குகிறவன். எங்களுக்குக் கிடைக்கும் இடைவேளையில் ஒரு விஷயத்தைச் சொல்லி, நாலு பேரைச் சிரிக்கவைத்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். இந்த விஷயம் அதற்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. எல்லோரும் நன்றாகவே சிரித்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் மட்டும் கடைசி வாய் டீயை உறிஞ்சிவிட்டு, "சரி, உன் தங்கச்சி என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் இருந்தது. ஆனால் டீ நேரத்துக்குள் அடங்கவில்லை. அடங்காததால்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றால் அங்கிருந்துதான். பெரிதாக வேறொன்றும் இல்லை.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அந்தக் கடையில் ஐஸ்கிரீம் மெஷின் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது." [பொய். கடை சாத்தும்போது அணைத்துவிடுவார்கள். கரண்ட் பில்.]

"மனிதனின் ஆசைக்கு ஒரு விலை உண்டு, அந்த விலைக்கு ஒரு கமிஷன் உண்டு, அந்தக் கமிஷனுக்கு..." [எழுதிவிட்டுப் படித்தால் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.]

"என் தங்கச்சி ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது" [இதுதான் சரியான தொடக்கம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இங்கே ஆரம்பித்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.]

கடைசியில் தொகையை முதலில் போட்டேன். கிடங்கில் எந்தப் பெட்டியானாலும் எடை என்ன என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்போம். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து கைவந்தது நாற்பதுக்கு மேல், தொழிற்சங்கக் கட்டடத்தில் நடந்த மாலை வகுப்பில். நீளமான வாக்கியம் என்றால் மூச்சு வாங்கும். நடுவில் இறக்கி வைத்துவிட்டுத்தான் மறுபடி தூக்குவேன். சில இடங்களில் தூக்காமலே விட்டிருக்கிறேன். அவை அப்படியே கிடக்கட்டும்.

3

தங்கச்சியும் அவள் புருஷனும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நாலு வருஷம் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார்கள். நிறுத்தத்தை அடுத்த தெருவுக்கு மாற்றினார்கள். கடை போயிற்று. [இதை இன்னும் விரித்து எழுதலாம். ஆனால் பெரும்பாலான கடைகள் இப்படி ஒரே வரியில்தான் போகின்றன.]

அவரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். இனி இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கடையிலிருந்த நாற்காலி, பிரீசர், பெயர்ப்பலகை எல்லாம் விற்றுப்போயின. மெஷின் மட்டும் அவர்கள் வீட்டு முன்னறைக்கு வந்து நின்றது. ஆள் உயரம். நூற்று நாற்பது கிலோ. எவர்சில்வர் உடம்பு, முன்னால் மூன்று கைப்பிடி. ஒன்றில் வெள்ளை வரும், ஒன்றில் சாக்லேட் வரும், நடுவில் இருப்பதை இழுத்தால் இரண்டும் பின்னிக்கொண்டு வரும். முன்னறை என்று சொல்கிறேனே தவிர அவர்களுக்கு இருப்பதே அந்த ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். மெஷின் வந்தபின் கதவு பாதிதான் திறந்தது. தங்கச்சி பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

விற்றுவிடலாம் என்று மாப்பிள்ளையும்தான் சொன்னார். ஆனால் ஏலத் தளத்துக்குக் கட்டணம் கொடுத்தே காசு போய்விடும், அதைக் குறைத்துவிட்டு விற்க வேண்டும் என்றார். குறைப்பதில் இறங்கியவர் கரையேறவே இல்லை.

இங்கே கொஞ்சம் கட்டுரை மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். வீட்டில் விற்க ஏதாவது வைத்திருப்பவர்கள் படிக்கலாம், உபயோகம்தான்.

அந்தத் தளத்தில் விற்பவரிடம் இரண்டு முறை காசு வாங்குவார்கள். பொருளைப் போடும்போது ஒருமுறை, விற்றபின் ஒருமுறை. போடும்போது வாங்குவது ஆரம்ப விலையைப் பொறுத்தது. இருபதாயிரத்தில் ஆரம்பித்தால் இருநூறு. நூறுக்குக் கீழே ஆரம்பித்தால் ஐந்துதான், அதையும் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று போட்டால் அதுவும் இல்லை. படம் மூன்றுவரை சும்மா, நாலாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் பத்து. தலைப்பைத் தடித்த எழுத்தில் காட்ட நாற்பது, துணைத்தலைப்புக்கு அறுபது.* விற்றபின் வாங்குவது கமிஷன். சமையலறைச் சாமான் என்று போட்டால் நூற்றுக்குப் பத்து, அதையே தொழில் இயந்திரம் என்று போட்டால் எட்டு. கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டிக்கூலியைச் சேர்த்துக் காட்டினால் அந்தக் கூலிக்கும் கமிஷன் பிடிப்பார்கள், அதனால் வாங்குபவரே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது மேல். இதையெல்லாம் பார்த்துச் செய்தால் உண்மையிலேயே மிச்சம்தான். நான் மறுக்கவில்லை.

ஒன்று பாக்கி. இவ்வளவாவது வந்தால்தான் விற்பேன் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு விலையைக் குறித்து வைக்கலாம். அதற்கு ரிசர்வ் என்று பெயர். அதற்குக் கட்டணம் நூற்றைம்பது. விற்றாலும் போச்சு, விற்காவிட்டாலும் போச்சு.

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு முதல் ஞாயிறு வந்தால், மழைக்காலத்தில் யார் ஐஸ்கிரீம் மெஷின் வாங்குவார் என்பார். அடுத்தது வந்தால், படம் சரியாக விழவில்லை என்பார். அதற்கு அடுத்ததற்கு என்ன சொன்னார் என்று எனக்கு மறந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கையில் ஒரு துணி வைத்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது ஞாபகம் இருக்கிறது.

தங்கச்சி ஒரு நாள் பக்கவாட்டில் வெளியே வந்தவள், கையில் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த மெஷின் அந்த வீட்டில் இருக்கும்வரை அங்கே கால் வைக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னாள். என்னிடம் நேராகச் சொல்லவில்லை. அண்ணியிடம் சொன்னால் அண்ணனுக்குப் போகும், அண்ணனிடமிருந்து அவருக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வழியாகத்தான் போனது.

எங்கள் வீடும் ஓர் அறைதான். ஜன்னலோரம் அவளுக்குப் படுக்கை போட்டோம். மருத்துவமனை விரிப்புகளை வெளுக்கும் கம்பெனியில் அவளாகவே ஒரு வேலை தேடிக்கொண்டாள். மெஷின் விற்க வேண்டும், அவள் வீட்டுக்குப் போக வேண்டும். இந்தக் கதையில் நடக்க வேண்டியது அவ்வளவே.

(* இதனால்தான் இந்தக் கதையில் பகுதிகளுக்குத் தலைப்பு இல்லை. எண் போட்டிருக்கிறேன். எண்ணுக்கு யாரும் காசு கேட்டதில்லை.)

4

ஒருவழியாக மாப்பிள்ளை ஒரு முதல் ஞாயிறு இறங்கி வந்தார். ஆரம்ப விலை ஒரே ரூபாய். மூன்றே படம். தொழில் இயந்திரம். ரிசர்வ் இல்லை. விவரத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் எழுதியது இது:

"ஐஸ்கிரீம் மெஷின். மூன்று கைப்பிடி. நாலு வருஷம் ஓடியது. நடுக் கைப்பிடி இறுக்கம், இழுத்தால் வரும். சத்தம் உண்டு. நேரில் வந்து எடுத்துப் போகவும். தூக்க இரண்டு பேர் போதாது."

இவ்வளவு உண்மை எதற்கு என்று மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். வாங்கியவர் குறை சொல்லித் திருப்பிவிட்டால் கட்டிய கமிஷனில் பாதிதான் திரும்பி வரும் என்று அவர் எப்போதோ சொன்னதை நான் எடுத்துக் காட்டினேன். அவருடைய பாடத்தை அவருக்கே சொன்னதில் அவருக்குச் சந்தோஷம்தான். சரி, சத்தம் உண்டு என்பதும் இருக்கட்டும் என்றார்.

இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்ததாகத் தளம் காட்டியது. நான் எழுதி அத்தனை பேர் படித்தது அதுவரை இல்லை. [அதற்குப் பிறகும் இல்லை. நீங்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.]

5

இப்போது அந்தத் தவறு. இதைச் சொல்வதற்கு முன், எங்களை மாதிரி ஆட்களைத் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள் என்று சொல்லி வைக்கிறேன். வசதியுள்ளவர்கள் நூற்றைம்பதைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இன்னும் இல்லாதவர்கள் வந்த விலைக்குத் தள்ளியிருப்பார்கள். நடுவில் இருக்கிறவனுக்குத்தான் இந்த மாதிரி யோசனை வரும்.

ஒரு ரூபாயில் ஆரம்பித்தாயிற்று. ரிசர்வ் கிடையாது. யாரோ ஒருவர் ஐந்நூறுக்குக் கேட்டு, வேறு யாரும் கேட்காமல் போனால் ஐந்நூறுக்கே கொடுக்க வேண்டும். இந்தப் பயத்தில் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. விற்கிறவர் தன் கணக்கிலிருந்து ஏலம் கேட்க முடியாது. ஆனால் கடை திறந்த புதிதில் கப்பும் கரண்டியும் வாங்கத் தங்கச்சி பெயரில் அதே தளத்தில் ஒரு கணக்குத் திறந்திருந்தார்கள். அது அவர் போனிலும் இருந்தது. அதற்குள் போய், தன் மெஷினுக்குத் தானே ஏலம் கேட்டார். விதிப்படி அது தப்பு, தெரிந்தால் கணக்கை மூடிவிடுவார்கள். அவர் அதை ஏலம் கேட்பதாகவே நினைக்கவில்லை. காசில்லாத ரிசர்வ் என்று நினைத்தார்.

அங்கே எப்படி என்றால், நாம் ஓர் உச்ச விலையைச் சொல்லி வைத்துவிட்டுப் போகலாம். வேறொருவர் கேட்கக் கேட்க, நம் பெயரில் அதுவே ஐம்பது ஐம்பதாக ஏற்றிக்கொண்டு போகும், உச்சத்தைத் தொடும்வரை. மாப்பிள்ளை சொல்லி வைத்த உச்சம் முப்பதாயிரம்.

எங்கேயோ ஒருவர் உண்மையிலேயே மெஷின் வாங்க வந்திருக்கிறார். யார் என்று தெரியாது, தளம் பெயரை மறைத்துத்தான் காட்டும். கான்டீன் நடத்துகிறவர் என்று நான் வைத்துக்கொண்டேன். [ஆதாரம் இல்லை. எனக்கு அப்படி ஒருவர் வேண்டியிருந்தது.] அவர் ஏற்றிக்கொண்டே போய் இருபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்றுவிட்டார். மாப்பிள்ளை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாத விலை அது. தங்கச்சியின் கணக்கு அதற்கு மேல் ஓர் ஐம்பது வைத்தது. ஏலம் முடிந்தது.

விலை இருபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. நூற்றுக்கு எட்டு. கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

6

அன்று தங்கச்சிக்கு விடுமுறை. சமையலறை வாசலில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற குரலில் படித்தாள்.

"வாழ்த்துகள். நீங்கள் வென்றுவிட்டீர்கள்."

பரிசு விழுந்ததாக ஏமாற்றுகிற ஆசாமிகள் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். தங்கச்சி போனைத் திருப்பிக் காட்டினாள். படத்தில் மெஷின் நின்றது. படம் எடுத்தவனின் கட்டைவிரல் ஓரத்தில் விழுந்திருந்தது. என் விரல்தான். கீழே நான் எழுதிய விவரம்: சத்தம் உண்டு.

வீட்டுக்காரிக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கிடங்கில் நான் சொல்லும்போது கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். புருஷன் மெஷினை விற்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வந்தவளுக்கே மெஷின் ஏலத்தில் விழுந்தது. டம்ளரைக் கழுவிவிடலாம்.

தங்கச்சி ஏலத்தின் விவரத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரில் உச்சம் எவ்வளவு வைத்திருந்தது என்பதும் அதில் வருமாம். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"முப்பதாயிரம் வரைக்கும் அந்த மெஷினுக்குக் கேட்டிருக்காரு, அண்ணே," என்றாள். "நான் இங்க வந்து இத்தனை நாளாச்சு. வீட்டுக்கு வான்னு என்னை ஒரு தடவை கேக்கல."

பித்தானை மறுபடி எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இது.

7

இங்கே வந்ததும் எனக்கு மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆளாக அவர் மேல் இல்லை, பாத்திரமாக.

டீ நேரத்தில் அவர் முட்டாள். அது நன்றாக ஓடுகிறது. எழுத உட்கார்ந்தால் அவ்வளவு முட்டாளாக நிற்க மாட்டேன் என்கிறார். கட்டண விவரம் அத்தனையும் கரைத்துக் குடித்தவருக்கு, தானே ஜெயித்துவிட்டால் தானே கமிஷன் கட்ட வேண்டும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? மெஷினை விடவே மனசில்லாமல் செய்தாரா? அப்படியென்றால் அவர் வேறொரு ஆள். பெண்டாட்டியைவிட ஒரு இரும்புச் சாமான் பெரிது என்று... [இந்த வாக்கியத்தை முடிக்கப் பயமாக இருக்கிறது. அவர் என் தங்கச்சியின் புருஷன்.]

அதனால் நேரில் போய்க் கேட்டேன். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார், எழ இடமில்லை.

"ரிசர்வ் போட்டிருக்கலாமே, மாப்பிள்ளை?"

"நூத்தம்பது," என்றார்.

அதுதான் பதில். வேறு விளக்கம் கிடையாது. நான் கிளம்பத் திரும்பினேன். அப்போது, ஏலம் ஓடிய ஒரு காலையில், வந்து பொருளைத் தூக்கிவிடுவார்கள் என்று நினைத்ததும் துணியை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்ததாகச் சொன்னார். கடன் வாங்கி அதை வாங்கிய நாளில் தங்கச்சிதான் முதல் கைப்பிடியை இழுத்தாள் என்றார். அது எனக்குத் தெரியாத விஷயம். பிறகு துணியை மடித்துக்கொண்டே ஒன்று சொன்னார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவ பேருல கேட்டு வெச்சா, வித்த மாதிரியும் ஆச்சு, வீட்டுக்குள்ளயே இருக்கற மாதிரியும் ஆச்சுன்னு நெனச்சேன் மச்சான்."

"அவதான் வீட்டுல இல்லையே."

"அது தெரியும்," என்றார்.

முட்டாளா, கள்ளனா, பாவமா? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எழுதினால் கதை சுலபமாக நகரும். தோள் வலி இருக்கும்போது பெட்டியை எந்தப் பக்கம் பிடித்தாலும் வலிக்கிறது. இதுவும் அப்படி இருக்கிறது.

8

கமிஷனிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருந்தது. அதையும் மாப்பிள்ளைதான் தேடிக் கண்டுபிடித்தார். விற்பவரும் வாங்கியவரும் ஒத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் விற்பனையை ரத்து செய்யலாம். கமிஷன் முழுதாகத் தள்ளுபடி. அதோடு, இரண்டாவதாகக் கேட்டவருக்கே அவர் கேட்ட விலையில் கொடுக்கலாம். அதாவது என் கான்டீன்காரருக்கு. மாப்பிள்ளை தன் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். தங்கச்சியின் போனுக்கு ஒரு கேள்வி வந்தது: விற்பவர் இந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கிறார், சம்மதமா?

இரண்டே பொத்தான். சம்மதம், சம்மதமில்லை.

நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். சங்கத்தில் கூலி பேசுகிற மாதிரி நிதானமாக, ஒவ்வொன்றாக. பொத்தானை அமுக்கினால் ரெண்டாயிரத்து முந்நூத்துச் சொச்சம் மிச்சம். மெஷினும் விற்றுவிடும். எல்லாம் சுபம். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"ரத்து பண்ணினா மெஷின் யாருகிட்ட இருக்கும்?"

"மாப்பிள்ளைகிட்டதான். ஆனா ரெண்டாவது ஆளுக்குக் குடுத்துருவாரு."

"குடுத்துருவாருன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

முதல் ஞாயிறுகள் எல்லாம் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன. மழைக்காலம், சரியாக விழாத படம், மறந்துபோன அந்த மூன்றாவது காரணம்.

"நான் ஜெயிச்சிருக்கேன்ல," என்றாள். "கொண்டாந்து குடுக்கச் சொல்லு."

"மெஷின் காசு?"

"நாலு வருஷம் அந்தக் கடையில நின்னேன். சம்பளம்னு கையில ஒண்ணும் வாங்கல. அதுல கழிச்சுக்கச் சொல்லு. மீதி வந்தா நான் கேக்கல."

கமிஷன் வீணாகப் போகுமே என்று நான் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒரு பொத்தான்தானே என்றேன்.

"மிச்சம் புடிச்சு மிச்சம் புடிச்சு எனக்கு அலுத்துப்போச்சு, அண்ணே," என்றாள். சம்மதமில்லை என்பதை அமுக்கிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

9

இனி முடிவு. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் கீழே வைத்திருக்கிறேன். தூக்கிப் பாருங்கள்.

முதலாவது: அவள் மனம் மாறுகிறாள், சம்மதம் என்று தளத்துக்கு எழுதுகிறாள். கான்டீன்காரர் லாரியோடு வருகிறார். மாப்பிள்ளை காசை எண்ணித் தங்கச்சி கையில் கொடுக்க, அவள் அதை வாங்கி... [கிடங்கில் இரண்டையும் படித்துக் காட்டினேன், எல்லோருக்கும் இதுதான் பிடித்தது. கணக்குப்பிள்ளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எனக்கு எழுதும்போதே கை ஓய்ந்துவிட்டது. ஏனென்றால் இதில் எல்லோருக்கும் காசு வருகிறது, யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.]

இரண்டாவது: மாப்பிள்ளை கோபத்தில் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார். அன்று மாலை வெறும் முன்னறையில் நின்று [அழுகிறார் என்று எழுதி அடித்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. இரும்புக் கடைக்காரர் எடையில் ஏமாற்றினார் என்று வேண்டுமானால் சண்டை போட்டிருப்பார்.]

10

நடந்தது இது.

மாப்பிள்ளை இப்போது ஒரு பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறார். மதியத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று சொல்லி வண்டியைக் கேட்டு வாங்கி, மெஷினை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வாங்கியவருக்குக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள், கொண்டுவந்தேன் என்று என்னிடம் சொன்னார். தங்கச்சி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

இறக்க ஆள் போதவில்லை. நானும் மாப்பிள்ளையும் கீழ்ப்பக்கம், என் வீட்டுக்காரி ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். என் தோள் அன்றைக்கு முழுசாகப் போயிற்று. உள்ளே கொண்டுவந்தபின்தான் எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. எங்கள் வீட்டில் அது நிற்கிற அளவுக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஜன்னலோரம், தங்கச்சியின் படுக்கை இருந்த இடம். அவளே குனிந்து படுக்கையைச் சுருட்டினாள். மெஷின் அங்கே நின்றது.

என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்தாள், சுருட்டிய படுக்கையைப் பார்த்தாள். "ஆக, மெஷின் இங்க, ஆளு எங்க?" என்றாள்.

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல கதவு இப்ப முழுசாத் தொறக்குது," என்றார். யாரிடம் என்று இல்லை.

"அதுக்கு?" என்றாள் தங்கச்சி.

அவர் டம்ளரை மறு கைக்கு மாற்றினார்.

"அதுக்கு... வா," என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். உச்சம் எவ்வளவு வைத்திருந்தாரோ, அதற்கு மேல் போகவில்லை. அவள் உள்ளே போய்ப் பையைத் திறந்து, விரிப்பு வெளுத்த சம்பளக் கவரை எடுத்துக்கொண்டு வந்தாள். ஏலக் கம்பெனிக்காரனுக்குப் பாக்கி எவ்வளவு என்று கேட்டாள். அவர் தொகையைச் சொன்னார், சொல்லும்போது தலை நிமிரவில்லை. தான் கட்டிக்கொள்வதாக முணுமுணுத்தார். அவள் எண்ணி, சில்லறையோடு சேர்த்து, அவர் கையில் இருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு அந்தக் கையில் காசை வைத்தாள்.

"இப்பவே கட்டுங்க. நான் பாக்கணும்."

அவர் தன் போனில் கட்டினார். எங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பிக் காட்டினார். பாக்கி: பூஜ்யம்.

மெஷின் அவளுடையது. அதை விற்பாளா, ஓட்டுவாளா என்று நான் கேட்கவில்லை. விற்பதானால் ரிசர்வ் போட்டே விற்போம், நூத்தம்பது நான் தருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அப்போது அவள் போன் ஒலித்தது. விற்பனை முடிந்தால் தளம் வாங்கியவரிடம் ஒரு கேள்வி கேட்கும். இந்த விற்பனையாளர் எப்படி? அடுத்தவர்களுக்காக ஒரு வரி எழுதுங்கள். கீழே ஒரு கட்டம். அவள் அதைப் படித்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார், மதியத்துக்குள் திருப்பித் தர வேண்டிய வண்டி. அவள் என்னிடம் போனை நீட்டினாள்.

"நீதான எழுதறவன். எழுது."

எனக்கு வரவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் வண்டியில் ஏறினாளா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். நான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று அவளிடம் சொன்னபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "போனேனா இல்லையான்னு மட்டும் எழுதாத. இன்னிக்கிப் போனா அது போனதாயிருமா? நாளைக்கு என்னன்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது. அதனால் எழுதவில்லை.

அந்தக் கட்டத்தை மட்டும் உங்களிடம் தருகிறேன். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. எழுதுவதற்குக் கட்டணம் இல்லை, நான் விசாரித்துவிட்டேன்.